கடை வாசலுக்குக் கான்கிரீட் தளம்: நாமே போட்டுக்கொள்வது லாபமா?

பொங்கல் வியாபாரம் முடிந்து கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்ததும் நம் உறுப்பினர்களில் பலருக்குக் கடை வாசல் கண்ணில் படும். மழைக்காலத்தில் குழிந்த இடம், பெயர்ந்துபோன கல், சரக்கு வண்டிச் சக்கரம் இறங்கி உடைந்த விளிம்பு என்று ஏதாவது ஒன்று இருக்கும். "பத்து மூட்டை சிமெண்ட் வாங்கினால் போதும், பையன்களை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நாமே போட்டுவிடலாமே, கொத்தனாருக்கு எதற்குக் கூலி?" என்ற யோசனையும் கூடவே வரும். யோசனை தவறானது அல்ல. ஆனால் சரக்கு வாங்கும்போது அடக்க விலை, வண்டிச் சத்தம், கழிவு, சேதாரம் எல்லாம் பார்த்துத்தான் வாங்குகிறோம். வாசல் தளத்துக்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எங்கள் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறோம். மயிலாப்பூரில் எங்கள் கடை வாசலில் சில ஆண்டுகளுக்கு முன் நாங்களே தளம் போட்டோம். பழைய தளத்தைப் பெயர்க்கச் சோம்பல்பட்டு, அதன் மேலேயே இரண்டு அங்குலக் கனத்துக்குக் கலவையை ஊற்றித் தேய்த்தோம். பார்க்க அழகாக இருந்தது. அந்த ஆண்டு மழையில் வாசல் தண்ணீர் தெருவுக்குப் போகவில்லை. பக்கத்துக் கடைக்குப் போயிற்று. அவர் தரையில் அடுக்கி வைத்திருந்த பருப்பு மூட்டைகளில் அடி வரிசை நனைந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அண்ணாச்சி, உங்க வாசல் உயர்ந்துபோச்சு, என் கடை பள்ளமாயிடுச்சு" என்று மட்டும் சொன்னார். நனைந்த மூட்டைக்குப் பணம் கொடுத்தோம். தளத்தை உடைத்து அள்ளினோம். போட்ட செலவைவிட உடைத்த செலவு அதிகம். இருபது வருடப் பழக்கம் கெடாமல் இருந்ததே பெரிய லாபம். அந்தச் செலவில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதல் கேள்வி: இடம் யாருடையது?

கடை ஷட்டருக்கு முன்னால் இருப்பதெல்லாம் நம் இடம் என்ற நினைப்பு நம்மில் பலருக்கு உண்டு. பத்திரத்தையும் வரைபடத்தையும் எடுத்துப் பார்த்தால் நம் எல்லை ஷட்டருக்கு வெளியே மூன்றடியோ நான்கடியோதான் இருக்கும். சில இடங்களில் ஷட்டரோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் உள்ள நடைபாதையும் மழைநீர் வடிகாலும் மாநகராட்சியுடையவை. அதன்மேல் நாம் நல்ல எண்ணத்தோடு தளம் போட்டாலும் அது ஆக்கிரமிப்புக் கணக்கில்தான் சேரும். ஒருநாள் இயந்திரம் வந்து பெயர்த்துவிட்டால் கேட்க வழியில்லை. பாண்டி பஜார் என்று நாம் அழைக்கும் சௌந்தரபாண்டியனார் அங்காடியில் 2019 நவம்பரில் அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. இத்தகைய சாலைகளில் நடைபாதை மாநகராட்சியின் பொறுப்பு. அங்கே நாம் கை வைக்க வேண்டியதே இல்லை.

வாடகைக் கடையில் இருப்பவர்கள் கட்டட உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குவது நல்லது. செலவை யார் ஏற்பது, காலி செய்யும்போது என்ன கணக்கு என்பதையும் அதிலேயே இரண்டு வரியில் எழுதிக்கொள்ளலாம். மயிலாப்பூரில் கோயில் மனைகளில் கடை வைத்திருக்கும் அன்பர்கள் பலர். அவர்கள் அனுமதி இல்லாமல் எந்த மாற்றமும் செய்யாமல் இருப்பதே உத்தமம். ஒரு தளத்துக்காகக் குத்தகையில் தகராறு வரக்கூடாது.

இரண்டாவது கேள்வி: அடியில் என்ன இருக்கிறது?

கடை வாசலுக்கு அடியில் குடிநீர்க் குழாய், கழிவுநீர்த் தொட்டியின் மூடி, மின்சாரக் கேபிள், தொலைபேசிக் கேபிள், மழைநீர் சேகரிப்புக் குழி ஆகியவற்றில் ஒன்றாவது இருக்கும். கான்கிரீட் போட்டு மூடினால் அடைப்பு எடுக்கவோ குழாய் மாற்றவோ வரும்போது உடைத்தாக வேண்டும். உடைத்த கான்கிரீட்டை ஒட்டுப்போட்டால் அந்த ஒட்டு என்றைக்கும் தனியாகத்தான் நிற்கும். எனவே மூடிகளை மறைக்கக்கூடாது. தளத்தின் மட்டத்துக்கு உயர்த்தி, திறக்கும்படி விட வேண்டும். குழாய் பழையது, அடிக்கடி தோண்ட வேண்டி வருகிறது என்றால் அந்த இடத்துக்குக் கான்கிரீட்டே வேண்டாம். பேவர் பிளாக் கல் பதிப்பதுதான் சரி. கல்லைப் பெயர்த்து வேலை முடித்துத் திரும்பப் பதித்துவிடலாம்.

மண்ணையும் பார்க்க வேண்டும். தியாகராய நகர் 1920-களில் பழைய மாம்பலம் ஏரியைத் தூர்த்து அமைந்த பகுதி. ஏரிப்படுகைக் களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். அதன்மேல் நேராகக் கான்கிரீட் ஊற்றினால் இரண்டு பருவத்தில் விரிசல் காணும். மயிலாப்பூரின் கீழ்ப்பகுதியிலும் அடையாறில் கடலை ஒட்டிய பகுதியிலும் மணல் பாங்கான பூமி. அது உப்பாது, ஆனால் ஓரம் கட்டாமல் விட்டால் மழைத் தண்ணீர் அடி மணலை அரித்துக்கொண்டு போய், தளம் பொக்காக நிற்கும்.

மூன்றாவது கேள்வி: தண்ணீர் எங்கே போகும்?

இதுதான் முக்கியமான கேள்வி. நாங்கள் கேட்க மறந்ததும் இதைத்தான். 20 அடி நீளம், 10 அடி அகலம் உள்ள வாசல் 200 சதுர அடி. ஒரே இரவில் 10 செ.மீ. மழை பெய்தால் அந்த வாசலில் மட்டும் விழும் தண்ணீர் ஏறத்தாழ 1,850 லிட்டர். மண் தரையாக இருந்தால் அதில் ஒரு பகுதி உள்ளே இறங்கும். கான்கிரீட் ஆனால் அத்தனையும் ஓடித்தான் ஆக வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளமும், 2021 நவம்பரில் தியாகராய நகர் தெருக்களில் நின்ற தண்ணீரும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையும் யாருக்கும் மறந்திருக்காது. ஒவ்வொரு வாசலும் உயர்ந்தால் தெருவில் நிற்கும் தண்ணீரும் உயரும்.

ஆகவே தளத்தின் மேல்மட்டம் பக்கத்துக் கடை வாசல் மட்டத்தைத் தாண்டக்கூடாது. கடையிலிருந்து தெருவை நோக்கி 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம் இருக்க வேண்டும். சாலையை மேலும் மேலும் போட்டதால் சில தெருக்களில் சாலையே கடைத் தரையைவிட உயர்ந்துவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் வாசல் தளத்தை உயர்த்துவதால் பயனில்லை. வாசல் நெடுக ஒரு சிறு வாய்க்கால் எடுத்துக் கம்பி மூடி போட்டு, தண்ணீரை மழைநீர் சேகரிப்புக் குழிக்கு விடுவதுதான் வழி. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அந்தக் குழி பல கடைகளில் தூர்ந்து கிடக்கிறது. வாசலைத் தோண்டும்போதே அதையும் தூர் வாரிவிட்டால் ஒரே செலவில் இரண்டு வேலை ஆகும்.

நான்காவது கேள்வி: என்ன பாரம் ஏறும்?

ஆள் நடமாட்டமும் இரு சக்கர வண்டியும் மட்டும் என்றால் 3 அங்குலக் கனம் போதும். மீன்பாடி வண்டி, சரக்கு ஆட்டோ, சிறு டெம்போ ஏறினால் 4 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. லோடு லாரி பின்வாங்கி ஏறும் மொத்த வியாபாரக் கிடங்கு வாசல் என்றால் அதை நாமே போடும் வேலையாக நினைக்க வேண்டாம். கனம், கம்பி, அடித்தளம் எல்லாவற்றையும் ஒரு பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இனி அடக்கக் கணக்கு

மேலே சொன்ன 200 சதுர அடி வாசலையே எடுத்துக்கொள்வோம். கனம் 4 அங்குலம். கான்கிரீட்டின் அளவு சுமார் 67 கன அடி. ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு முக்கால் ஜல்லி என்ற கலவைக்கு வேண்டிய பொருள்கள்:

சிமெண்ட்: 50 கிலோ மூட்டை 16.
எம்-சாண்ட்: சுமார் 29 கன அடி.
முக்கால் ஜல்லி: சுமார் 57 கன அடி.
கலப்பதற்குத் தண்ணீர்: சுமார் 400 லிட்டர்.
அடியில் 4 அங்குலம் கிராவல் போட்டுத் திமிசு கட்ட: இறுகிய அளவில் 67 கன அடி.

விலையை நாம் இங்கே எழுதவில்லை. அது வாரத்துக்கு வாரம் மாறுவது. அன்றைய விலையைப் போட்டு ஒவ்வொருவரும் பெருக்கிக்கொள்ளலாம். மணலும் ஜல்லியும் யூனிட் கணக்கில், அதாவது 100 கன அடிக்கு விலை சொல்வார்கள். கால் யூனிட், அரை யூனிட் வாங்கும்போது வண்டிச் சத்தம் ஏறக்குறைய முழு லோடுக்கு உள்ளதே ஆகும். இரண்டு மூன்று கடைக்காரர்கள் சேர்ந்து வாங்கினால் இதில் மிச்சம் உண்டு.

வரியையும் கவனிக்க வேண்டும். சிமெண்டுக்கு 2017 ஜூலை முதல் 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆனால் சொந்த உபயோகத்துக்கான கட்டுமானச் செலவைச் சொத்துக் கணக்கில் ஏற்றினால் அதற்கு உள்ளீட்டு வரிச் சலுகை எடுக்க முடியாது. கடை பில்லோடு சேர்த்துச் சலுகை எடுத்துவிட்டுப் பின்னால் வட்டியோடு கட்டுவதைவிட, முன்கூட்டியே ஆடிட்டரைக் கேட்டுவிடுவது மேல்.

எழுதப்படாத செலவுகள்

பலர் பொருள் விலையோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். மறந்துபோகும் செலவுகள் நான்கு.

முதலாவது, மண் எடுப்பது. மட்டம் உயராமல் இருக்க வேண்டுமானால் 8 அங்குலம் தோண்ட வேண்டும். 200 சதுர அடிக்கு அது 130 கன அடிக்கு மேல். எடையில் ஐந்தாறு டன். அந்த மண்ணையும் இடிபாட்டையும் தெருவோரம் கொட்டினால் அபராதம் உண்டு. வண்டி வைத்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, உடல் உழைப்பு. மேலே சொன்ன கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ நான்கரை டன். அரிசி மூட்டை தூக்கிப் பழகிய பையன்கள்தானே என்று நினைக்கலாம். மூட்டையை நடுவில் இறக்கி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கலாம். தண்ணீர் விட்டுக் கலந்த கான்கிரீட் காத்திருக்காது. கலந்த ஒரு மணி நேரத்துக்குள் கொட்டி, குத்தி, மட்டம் இழுத்தாக வேண்டும். பாதியில் நின்றால் அங்கே ஒட்டு விழும்; விரிசலும் அங்கேதான் வரும்.

மூன்றாவது, கருவிகள். ரசமட்டம், மட்டப்பலகை, மணியாசுக் கட்டை, கரணை, திமிசு, ஓரம் கட்டப் பலகைகள், ரப்பர் பூட்ஸ், கையுறை. ஒரு வேலைக்காக இவற்றையெல்லாம் வாங்குவது வீண். வாடகைக்குக் கிடைப்பதை வாடகைக்கு எடுக்கலாம். கையுறையும் பூட்ஸும் மட்டும் கட்டாயம். ஈரச் சிமெண்ட் தோலில் நெடுநேரம் பட்டால் புண்ணாக்கும். அது சுண்ணாம்பைப் போன்ற காரம்.

நான்காவது, வியாபார இழப்பு. இதுதான் பெரிது. தளம் போட்ட பின் ஆள் நடக்க இரண்டு நாள், இரு சக்கர வண்டி ஏற ஒரு வாரம், பாரவண்டி ஏற நான்கு வாரம் பொறுக்க வேண்டும். ஒரு கடையின் ஒரு நாள் மொத்த லாபம் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தோண்டும் நாள், போடும் நாள், காயும் நாள் என்று வாசல் மூன்று நாள் அடைபட்டால் 9,000 ரூபாய் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. கூலியில் மிச்சம் பிடித்தது அதைவிடக் குறைவு என்றால் நமக்கு என்ன லாபம்? வாசலை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் வாடிக்கையாளர் நடக்க வழி விட்டு மறு பாதியைப் போட்டால் இந்த இழப்பு பெரும்பாலும் குறையும்.

மூன்று வழிகள்

நம் ஊரில் இந்த வேலைக்கு மூன்று வழிகள் உண்டு. பொருளும் கூலியும் சேர்த்து மொத்தமாக ஒப்பந்தத்துக்கு விடுவது ஒன்று. பொருளை நாம் வாங்கிக் கொடுத்து, கொத்தனாரையும் சித்தாள்களையும் நாள் கூலிக்கு வைப்பது இரண்டாவது. நாமும் கடைப் பையன்களுமே செய்வது மூன்றாவது.

நாங்கள் கண்ட அளவில், 40 சதுர அடி வரையிலான சிறு வேலைக்கு மூன்றாவது வழி சரி. 4 அங்குலக் கனத்துக்கு அது சுமார் 13 கன அடி. மூன்று மூட்டைக்குச் சற்று மேல் சிமெண்ட் போதும். இருவர் ஒரு காலையில் முடித்துவிடலாம். இவ்வளவு சிறிய வேலைக்குக் கொத்தனார் வருவதும் கடினம். வந்தாலும் முழு நாள் கூலி கேட்பார்.

40 முதல் 300 சதுர அடி வரை இரண்டாவது வழிதான் பொருத்தம். பொருள் தரம் நம் கையில் இருக்கும். கைவேலை பழகியவர் கையில் இருக்கும். சிறு கலவை இயந்திரம் ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தால் ஆள் கூலி குறையும். தோண்டுவது, அள்ளுவது, தண்ணீர் விடுவது போன்றவற்றை நம் ஆட்களே செய்யலாம். நாமே செய்வதில் உண்மையான மிச்சம் இவற்றில்தான் இருக்கிறது. வாட்டம் பிடிப்பதையும் மட்டம் இழுப்பதையும் கொத்தனாரிடம் விட்டுவிட வேண்டும்.

அதற்கு மேல் பெரிய வேலை என்றால் ஒப்பந்தமே நல்லது. கலவை, கனம், வாட்டம், எத்தனை நாள் தண்ணீர் விடுவது என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாசல் அடியில் குழாய் ஓடும் இடங்களில் எந்த அளவாக இருந்தாலும் பேவர் பிளாக்கை விலை விசாரிப்பது நல்லது. ஆள் நடக்க 60 மி.மீ. கனக் கல், வண்டி ஏற 80 மி.மீ. கல். இடுக்குகளில் மணல் இருப்பதால் கொஞ்சம் தண்ணீர் உள்ளேயும் இறங்கும். பதித்த அன்றே நடக்கலாம் என்பதால் வியாபார இழப்பும் குறைவு.

நாமே செய்வதென்றால் கவனிக்க வேண்டியவை

1. காலம்: தை, மாசி மாதங்களே ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகையில் மழை கெடுக்கும். பங்குனியில் மயிலாப்பூர் மாட வீதிகளில் திருவிழாக் கூட்டம்; ஆடியில் தியாகராய நகரில் தள்ளுபடி விற்பனை. சித்திரை, வைகாசி வெயிலில் போட்டால் தண்ணீர் உடனே உறிஞ்சப்பட்டு மேல்பரப்பு வெடிக்கும். எந்த மாதமானாலும் விடியற்காலையில் தொடங்க வேண்டும்.

2. சிமெண்ட்: மூட்டையில் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு மேற்பட்டதை, கட்டி பிடித்ததை வாங்க வேண்டாம்.

3. அளவு: மண்வெட்டிக் கணக்கு வேண்டாம். ஒன்றேகால் கன அடிப் பெட்டி ஒன்று செய்துகொண்டால் அது ஒரு மூட்டை சிமெண்டுக்குச் சமம். மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி.

4. தண்ணீர்: மூட்டைக்கு 25 லிட்டர், மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். இழுக்கச் சுலபமாக இருக்கிறது என்று கூடுதலாக ஒரு வாளி ஊற்றுவதுதான் தளத்தைக் கெடுக்கும் முதல் தவறு. குடிக்கத் தகுந்த தண்ணீரையே பயன்படுத்த வேண்டும். கடலோரப் பகுதிகளில் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால், கம்பி வலை போட்ட தளத்தில் கம்பி துருப்பிடிக்கும்.

5. பிரிவு: 4 அங்குலத் தளத்தை 8 முதல் 10 அடிக்கு ஒரு பிரிவாகப் பிரித்து, ஓர் அங்குல ஆழத்துக்குக் கோடு வெட்டிவிட வேண்டும். கான்கிரீட் சுருங்கும்போது விரிசல் அந்தக் கோட்டுக்குள் அடங்கும். கடைச் சுவரை ஒட்டியும் சிறு இடைவெளி வேண்டும்.

6. மேல்பரப்பு: கண்ணாடி போல் தேய்க்க வேண்டாம். ஈரம் அடங்கியதும் துடைப்பத்தால் குறுக்கே இழுத்துச் சொரசொரப்பாக விட வேண்டும். மழை நாளில் வயதான வாடிக்கையாளர் ஒருவர் வழுக்கி விழுந்தால் அதற்கு எந்தக் கணக்கும் ஈடாகாது. சரிவுப்பாதை அமைப்பவர்கள் ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்று வைக்கலாம். 6 அங்குலப் படிக்கு 6 அடி. சக்கர நாற்காலியும் ஏறும், சரக்குத் தள்ளுவண்டியும் ஏறும்.

7. நீர் விடுதல்: மறுநாள் முதல் சாக்கு விரித்து நனைத்தோ, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியோ 7 நாள் ஈரம் காக்க வேண்டும். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் என்றால் 10 நாள். கடையில் சாக்குக்குப் பஞ்சமில்லை. செலவில்லாத இந்த வேலையைத்தான் பலர் மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள்.

முடிவாக

இடம் நம்முடையதா, அடியில் குழாய் இல்லையா, தண்ணீர் போக வழி இருக்கிறதா, பாரம் குறைவா என்ற நான்கு கேள்விக்கும் நல்ல பதில் வந்து, வேலையும் சிறியதாக இருந்தால் தயங்காமல் நாமே செய்யலாம். ஒன்றுக்காவது பதில் சரியாக வராவிட்டால் சிமெண்ட் வாங்கும் முன் அதைச் சரிசெய்ய வேண்டும். வேலை பெரியதாக இருந்தால் கொத்தனார் கூலி வீண் செலவு அல்ல.

கடைசியாக ஒன்று. கயிறு கட்டி மட்டம் பார்க்கும் அன்று பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டு நிற்க வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாசலும் பழுதாக இருந்தால் இருவரும் சேர்ந்தே போடலாம். வண்டிச் சத்தமும் இயந்திர வாடகையும் பாதியாகும், தண்ணீரும் ஒரே வாட்டத்தில் தெருவுக்குப் போகும். எங்கள் வாசலில் இப்போது இருப்பது அப்படி இருவரும் சேர்ந்து போட்ட தளம்தான். அதற்குப் பின் எத்தனையோ மழை பெய்துவிட்டது. அவர் மூட்டைகள் நனையவில்லை.